கை எட்டும் தூரம்

தங்கப்பழத்துக்கு அறுபத்தோரு வயது. ஒரு போர் விமானத்தின் வயிற்றுக்கடியில் இருபத்தாறு வருடம் ஸ்பேனரோடு நின்றவர். ஓய்வு பெற்றபின் கேமரா பழக ஸஃபியாவிடம் போனார். அவள் அவரைவிட இருபது வயது இளையவள். வானத்தில் பறந்தபடியே, பறக்கும் விமானங்களைப் படமெடுப்பவள்.

"இந்த வயசுலயா அண்ணாச்சி?"

"நான் பாத்த விமானத்துக்கும் ரிட்டையர்மெண்ட் வந்தாச்சு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசித் தடவை பறக்குது. விமானப்படை மெஸ் சுவத்துல மாட்ட ஒரே ஒரு படம், என்னைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க." சற்று நிறுத்தினார். "அது ஏறுறதையும் இறங்குறதையும்தான் பாத்திருக்கேன். மேல எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல."

அவள் ஒரு கேமராவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மூக்குலேருந்து வால் வரைக்கும் முழுசா வர, எவ்வளவு தூரத்துல நிக்கணும் டீச்சர்?"

"இத்தனை வருஷமா எவ்வளவு தூரத்துல நின்னீங்க?"

"கை எட்டுற தூரம்."

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, சரக்கு விமானத்தின் பின்கதவு நடுவானில் திறந்தது. இருவரும் இடுப்பில் பட்டை கட்டி விளிம்பருகே உட்கார்ந்திருந்தார்கள். ஸஃபியா தன் கேமராவைத் தரையிலேயே விட்டு வந்திருந்தாள்.

மேகத்துக்கு மேலே, கழுவி வைத்தது போன்ற வெயிலில், அது வந்தது. நெருங்கி இடப்பக்கத்தைக் காட்டியது. மெல்லச் சாய்ந்து வயிற்றைக் காட்டியது. பத்து நிமிடம். பிறகு இறக்கையை ஒருமுறை அசைத்துவிட்டு விலகிப் போனது.

தரையிறங்கியதும் படங்களைப் பார்த்தார். தொண்ணூறு படங்கள். ரிவெட் ஆணிகளின் வரிசை. எண்ணெய் வழிந்த தடம். ஒரு மூடியின் கீல். ஒன்றில்கூட முழு விமானம் இல்லை.

"படமா எடுத்தேன் நான்? செக் பண்ணிக்கிட்டுல்ல இருந்திருக்கேன்!" கேமராவைக் கீழே வைத்தார். "இனிமே அது பறக்காது டீச்சர்."

ஸஃபியா எல்லாவற்றையும் பெரிதாக அச்சிட்டு, மறுநாள், விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குக் கொண்டுவந்தாள். விமானத்தை முன்பே அங்கிருந்து இழுத்துப் போயிருந்தார்கள். அது நின்ற வெறும் தரையில் படங்களைக் கொட்டினாள்.

"எது எங்கே இருக்கணுமோ, அங்கே வையுங்க அண்ணாச்சி."

அவர் முழங்காலிட்டார். கைகள் யோசிக்கவில்லை.

"இந்த ஸ்க்ரூ மட்டும் பளபளன்னு இருக்கு பாருங்க. நான் மாத்திப் போட்டது."

"இது?"

"இதுவா? எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும், கழுதை."

மதியத்துக்குள் சிமெண்டுத் தரையில் விமானம் படுத்திருந்தது. இடது இறக்கைக்குக் கீழே மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தரை.

ஸஃபியா ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்தாள்.

"அங்கே ஏன் படம் இல்ல?"

அவர் அந்த வெறும் தரையைக் கையால் தடவினார்.

"அங்கதான் டீச்சர் நான் நிப்பேன். அங்க நின்னுதான் மத்ததெல்லாம் பாப்பேன்."

அவள் தன் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"போய் நில்லுங்க அண்ணாச்சி."