நூறாயுசு கேட்ட மூட்டையன்

அந்தக் காலத்தில், மனுஷர் மூக்குக்குள் குடியிருந்தவர்களும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சோளக்காட்டுக்காரி வேலாத்தாளின் மூக்கில் காவல் இருந்தவன் மூட்டையன். அவன் உடம்பெல்லாம் அரிப்புத்தூள் மூட்டைகள். வாசலுக்குப் பொறுப்பு சவ்வாயி. புழு ஏதும் கடித்து அவளுக்குக் காயம் பட்டால் ஒரு நெடி விடுவாள். நெடி வந்ததும் மூட்டையன் மூட்டைகளைக் கிழித்துவிட வேண்டும். புழு உள்ளே போய்விட்டால் வேலாத்தாள் பிழைக்க மாட்டாள். அதனால் யோசிக்கிற வேலையே அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஒருநாள் சோளம் பூத்திருந்தது. பூந்தாது வழக்கம்போல விருந்தாளியாக வந்து வாசலில் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே ஒரு புழு வந்து சவ்வாயியைக் கடித்தது. நெடி கிளம்பியது, மூட்டையன் கிழித்தான், வேலாத்தாள் தும்மினாள். புழு போன இடம் தெரியவில்லை. பக்கத்து வரப்பில் நின்ற அவள் புருஷன் செல்லாண்டி, "நூறாயுசு" என்றான்.

தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று மூட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. நெடி அடித்த நேரம் அவன் கண்ணில் பட்டது பூந்தாதுவின் முகம் மட்டுமே. கடித்தது அதுதான் என்று முடிவுகட்டி, இரத்தத்தில் கொக்கி அடித்துக் கொடுக்கிற கொக்கிக்காரர்களிடம் சொல்லி, அந்த முகத்தைப் பிடிக்கிற கொக்கிகளாகச் செய்து வாங்கி மேலெல்லாம் மாட்டிக்கொண்டான்.

அடுத்த பூப்பில் பூந்தாது வந்தது. நெடியே இல்லை, ஆனாலும் கொக்கி பிடித்தது, மூட்டை கிழிந்தது. வேலாத்தாள் விடாமல் தும்மினாள். மூச்சடைத்துச் சொந்தக் காட்டிலேயே நிற்க முடியாமல் போனாள். காவலுக்கு ஆளில்லாத கதிர்களில் கிளிகள் இறங்கின.

சவ்வாயி வாசலிலிருந்து கத்தினாள். "நான் கூப்புடவே இல்லீங்களே, அண்ணா. அது புழு இல்லீங்க, நம்ம சோளப்பூ. கொக்கியக் கழட்டிப் போடுங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மூட்டையன் கொக்கியில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து வெளியே செல்லாண்டி மறுபடியும் "நூறாயுசு" என்றான்.

"கேட்டயா புள்ள? தப்புன்னா வாழ்த்துவாங்களா?" என்று மூட்டையன் கையை எடுத்துவிட்டான்.

அன்று முதல்தான் சோளம் பூத்தால் சிலருக்குத் தும்மல் ஒன்றோடு நிற்பதில்லை. நாமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோமா? ஒவ்வொரு தும்மலுக்கும் நூறாயுசு என்கிறோம்; உள்ளே அவன் அடுத்த மூட்டையை எடுக்கிறான்.