மித்தாக்ஸ்ஹோர்ன்

ஒரு ஊர்ல ஒரு புது மருமகள் இருந்தா. பேரு லீஸ்பெத். ஊருன்னா நம்ம ஊர் இல்ல, ஜெர்மன் பேசுற பனிமலைச் சீமை. ஊருக்கு எதிர்ல, மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு சிகரம். ம் சொல்லு. கொட்டாவியெல்லாம் "ம்" ஆகாது.

லீஸ்பெத்தோட அம்மா வீடு மேற்கே, அடுத்த ஊர்ல. அங்கேயும் அதே சிகரம் தெரியும். சூரியன் அதுமேல வந்தா மணி பத்து. அதனால அதுக்குப் பேரு த்ஸேனர்ஹோர்ன், பத்துமணிக் கொம்பு. கடிகாரம் இல்லாத சனங்களுக்கு அதுதான் கடிகாரம். புகுந்த ஊர்லயோ அதுக்குப் பேரே கிடையாது. வெறும் "கொம்பு".

மாமியார் பேரு நோட்புர்கா. சிரிக்காதே, உன் பேரைக் கேட்டா அவங்களும் சிரிப்பாங்க. "மத்தியானம் சூப் தயாரா இருக்கணும்டீ"ன்னாங்க. "சரிங்க அத்தை"ன்னா லீஸ்பெத்.

முதல் நாள், சூரியன் கொம்புமேல வந்துது. பத்துதானேன்னு அப்போதான் நிதானமா அடுப்பு மூட்டினா. வயல்லேருந்து வந்தவங்களுக்குப் புகைதான் கிடைச்சுது. லொக்கு லொக்கு.

அப்புறம் ரெண்டாம் நாள். சூப்புல கிழங்கு வேகவே இல்ல, கடிச்சா கடக். மாமியாருக்குப் பல்லு ஆடிப்போச்சு.

"மணி பத்துதான் அத்தை. மலை பொய் சொல்லுமா?"

"நாளைக்கும் இப்படின்னா, உன் அம்மா வீட்டுலயே போய்ச் சமை."

மூணாம் நாள் காலையிலேயே லீஸ்பெத் கோவிச்சுக்கிட்டு, மூட்டையைக் கட்டிக் கிளம்பிட்டா. விடுவிடுன்னு நடந்தா. அம்மா ஊர் நெருங்குறப்போ நிமிர்ந்து பார்த்தா, கொம்புமேல சூரியன். "பத்து மணி. அத்தையைக் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டுறேன்"னு திரும்பி ஓடினா. தடதடதட.

வாசல்ல வந்து நிமிர்ந்தா, சூரியன் இன்னும் கொம்புக்கே வரல. ஒரு சாண் தள்ளி நிக்குது.

தூங்கிட்டியா? ம்.

இந்த ஊர்ல சூரியன் கொம்புமேல வந்தா மத்தியானம்னு அப்போதான் அவளுக்கு உறைச்சுது. மூட்டையைப் போட்டா, அடுப்பை மூட்டினா. சூப்பு களக் களக்குனு கொதிக்கிறப்போ சூரியன் கொம்புமேல ஏறிச்சு, மாமியார் வாசப்படி ஏறினாங்க.

"என்னடீ, இன்னிக்கு உன் மலை நகர்ந்துடுச்சா?"

"இல்லைங்க அத்தை. நான்தான் நகர்ந்து வந்திருக்கேன்."

மாமியார் ரெண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.

மறந்துடக் கூடாதுன்னு, தினமும் அடுப்பு மூட்டுறப்போ "மித்தாக்ஸ்ஹோர்ன், மித்தாக்ஸ்ஹோர்ன்"னு சொல்லிப்பா. மித்தாக்னா மத்தியானம். ஊரே கேலி பண்ணிக் கொம்பை அப்படியே கூப்பிட்டுது, அதுவே பேராச்சு. அம்மா ஊர்ல இன்னும் பத்துமணிக் கொம்புதான். மலைக்கு ரெண்டும் சம்மதம்.

நம்ம ஜன்னல்ல எந்தக் கொம்பும் இல்ல, காலையில நான்தான் கத்தணும். சூப்பும் ஆறிப்போச்சு, கதையும் ஆறிப்போச்சு, கண்ணை மூடு.