கருப்பாயி போட்ட துளை

அந்தக் காலத்தில், வண்டும் கரடியும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்கு ராஜா யார் தெரியுமா? சிங்கம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆடிக்காற்றுதான் ராஜா. அவன் வந்தால் புல் சாய வேண்டும், மரம் சாய வேண்டும், கரடியும் மனிதரும் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். உடம்பிலுள்ள ரோமம்கூடப் படிந்து கிடக்க வேண்டும். "எல்லாரும் சாஞ்சாச்சா?" என்று கேட்பான். "சாஞ்சாச்சு சாமி!" என்று மலையே பதில் சொல்லும். வெட்கக்கேடு!

அவனுக்கு மூங்கில் என்றால் தனிச் செல்லம். அவளைப்போல் வளைந்து கும்பிடு போட ஆள் கிடையாதே! "என் மூங்கில்மேல் ஒரு கீறல் விழக் கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தான்.

அதே மலையில் கருப்பாயி என்று ஒரு கருவண்டு இருந்தாள். ஆள் கட்டைவிரல் அளவுதான், வாய்தான் நீளம். முட்டையிடும் நாள் அவளுக்கு நெருங்கிவிட்டது. போன மழைக்கு மரப்பட்டைக்கடியில் வைத்த முட்டைகள் ஊறி அழுகிப்போனதை அவள் மறக்கவில்லை. ஈரம் இறங்காத இடம் மலையில் ஒன்றுதான் இருந்தது. அது மூங்கிலின் வயிறு.

நேரே அவளிடம் போனாள். "அக்கா, என் பிள்ளைக்கு உன் வயித்துல இடம் குடு."

மூங்கில் நடுங்கிப்போனாள். "ஐயோ தாயி, ராஜா என்னை முறிச்சுப் போட்டுடுவானே!"

"நாள் பூரா வளையிறியே, இன்னும் முறியறதுக்கு என்ன பாக்கி?"

மூங்கில் தன் வளைந்த முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "வலிக்குமா?"

"வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, போடு."

கருப்பாயி கர்ர் கர்ரென்று குடையத் தொடங்கினாள். கீழே படுத்திருந்த கரடியின் மூக்கில் மரத்தூள் கொட்டியது. "ஏ கருப்பாயி, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? உன்னால எங்க தலையும் உருளப்போகுது!"

"உருண்டா ஓடிப்போய்ப் பிடிச்சுக்கோ மாமா!" என்றவள், உள்ளே போய் முட்டையிட்டு, வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆடிக்காற்று வந்தான். "எல்லாரும் சாஞ்சாச்சா?"

"சாஞ்சாச்சு சாமி!"

"நான் சாயலை!" என்றது ஒரு குரல்.

காற்றுக்குத் தூக்கிவாரிப்போட்டது. துளையைப் பார்த்தான். கோபம் தலைக்கேறியது. மூங்கிலை முறித்தால் கும்பிடு போட வேறு ஆளில்லை. அதனால் வண்டை மட்டும் ஊதி வெளியே தள்ளிவிடலாம் என்று துளையில் வாயை வைத்தான். அங்கேதான் தப்புப் பண்ணினான்.

கருப்பாயி கால்களை ஊன்றி முட்டைமேல் கவிழ்ந்துகொண்டாள். உள்ளே போன மூச்சு வழி தெரியாமல் சுழன்று, பாட்டாகத் திரும்பி வந்தது. அப்படியொரு சத்தத்தை அந்த மலை கேட்டதேயில்லை. மூங்கிலில் விழுந்த துளை, பாட்டைக் கேட்டவர் நெஞ்சிலெல்லாம் விழுந்தது. குப்புறக் கிடந்தவர்கள் உடம்பில் ரோமம் ஒவ்வொன்றாக எழுந்தது.

"ஐயய்யோ, நான் ஒண்ணும் பண்ணலை சாமி, அதுவா நிக்குது!" என்று அலறியது கரடி.

"படு! படு!" என்று ஊதினான் காற்று. ஊத ஊதப் பாட்டு பெருகியது. ரோமம் இன்னும் விறைத்து நின்றது. கடைசியில் கரடியே எழுந்து நின்றுவிட்டது. "ஊது ராஜா, நல்லா ஊது!"

அதன் பின்னால் மனிதர்கள் எழுந்தார்கள். தன் அதட்டலெல்லாம் முட்டைக்குள் இருக்கும் ஒரு வண்டுக்குஞ்சுக்குத் தாலாட்டாகப் போவதைப் பார்த்த ராஜா, வாயை மூடிக்கொண்டு மலையிறங்கிப் போனான். உள்ளே முட்டை பத்திரமாக இருந்தது.

அன்று முதல்தான் நெஞ்சைத் துளைக்கும் எதையாவது கேட்டால் நம் கை ரோமம் சிலிர்த்து எழுகிறது. குளிர் என்று சொல்லிச் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள். "நான் சாயலை" என்று அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.