புழுதியில் புரண்ட வெட்டுக்கிளிகள்

மலையடிவாரத்துப் புல்வெளியில் ஒரு வெட்டுக்கிளிக் கூட்டம் இருந்தது. நெடுங்காலமாக அங்கே மழை இல்லை. புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. வெட்டுக்கிளிகளும் பழுப்பு. அதனால் எந்தப் பறவையின் கண்ணிலும் அவை படவில்லை.

தலைவன் சருகன் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான்.

"நம் முன்னோர் பச்சை நிறம். தினமும் விடியலில் புழுதியில் புரண்டு புரண்டு பழுப்பானார்கள்! எல்லாம் ஒழுக்கம்! நாமும் புரளுவோம்!"

கூட்டமே புரண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் தலைவனிடம் யார் போய்ச் சொல்வது?

ஒருநாள் பூளை என்ற வெட்டுக்கிளியின் முட்டையிலிருந்து பளிச்சென்று ஒரு பச்சைக் குஞ்சு வெளியே வந்தது. பூளை அதற்குத் தளிரி என்று பெயர் வைத்தாள்.

சருகன் பதறினான். "இவளைப் பார்த்துப் பறவை வந்தால் நாம் எல்லாரும் காலி! ஏழு நாள் தருகிறேன். புரண்டு பழுப்பாகட்டும். இல்லாவிட்டால் புல்வெளி ஓரத்து மொட்டைப் பாறைக்குப் போகட்டும்!"

பாறையில் ஒளிய ஓர் இடுக்குக்கூடக் கிடையாது. எதிரே பட்டமரத்தில் கரிச்சான் குருவி எந்நேரமும் காத்திருந்தது. போனால் சாவுதான்.

தளிரி புரண்டாள். கால் வீங்கும்வரை புரண்டாள்.

"அம்மா, மாறிட்டேனா?"

"இன்னும் இல்லை கண்ணு."

ஏழாம் நாள் பூளைக்குப் பொறுக்கவில்லை. முள்புதருக்குள் பத்திரமாக நின்றுகொண்டு கத்தினாள். "கரிச்சான் அண்ணா! புழுதியில் புரண்டு பழுப்பான பச்சையை நீங்கள் பார்த்ததுண்டா?"

கரிச்சான் விழுந்து விழுந்து சிரித்தது. "புரண்ட பச்சைகளை எங்கள் முன்னோர் நிறையத் தின்றார்களாம். வாயெல்லாம் மண்ணாம்!"

"பிறகு நாங்கள் எப்படிப் பழுப்பானோம்?"

"அந்தக் காலத்தில் உங்களில் பலர் பச்சை. சிலர் பிறவியிலேயே பழுப்பு. புல் காய்ந்தது. பச்சை கண்ணில் பட்டது, தின்றோம். பழுப்பு கண்ணில் படவில்லை, பிழைத்து முட்டையிட்டது. குஞ்சுகளும் தாயைப்போலப் பழுப்பு. எப்போதாவது ஒரு பச்சை பிறக்கும். தலைமுறை தலைமுறையாக நடந்தது இதுதான். உங்கள் தலைவர் பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது?"

"பொய்!" என்று கத்தினான், சத்தம் கேட்டு அங்கே வந்த சருகன். "பசும்புல்லில் அந்தச் சில பழுப்புகள் பளிச்சென்று தெரிந்திருக்குமே! அவர்களை ஏன் விட்டீர்கள்?"

"நாங்களா விட்டோம்? பச்சைகள் அவர்களை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. எங்களுக்குப் பட்டினி!"

சருகன் தளிரியிடம் வந்தான். அவன் கண் கலங்கியது.

"அன்று அந்தப் பச்சைகள் பழுப்புகளை ஒதுக்கியிருந்தால் இன்று நான் ஏது? நன்றி சொல்லக்கூட அவர்கள் இல்லையே! தளிரி, வா தாயே. நீ நடுவில் உட்கார். நாங்கள் சுற்றி இருக்கிறோம்."

தளிரி வளர்ந்து தாயான பிறகு, ஐப்பசியில் மழை கொட்டியது. புல்வெளி பச்சைப் பசேலென்று ஆயிற்று. இப்போது பழுப்புகளுக்குத்தான் ஆபத்து. தளிரியும் அவள் பெற்ற பச்சைப் பிள்ளைகளும் ஓடிவந்து சருகனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ரொம்ப நன்றி தாயே!" என்றான் சருகன். இந்த முறை நேரில் சொல்ல அவனுக்குக் கொடுத்துவைத்திருந்தது.

பிறவியில் கிடைத்ததை நம் சாமர்த்தியம் என்று பெருமை பேசாமல், நம்மில் வேறாகப் பிறந்தவரைக் காப்பதே, நம்மைக் காத்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.