படத்தில் இல்லாத கன்னியம்மா

“இந்தப் படத்துல நீ எங்கம்மா இருக்கே? காட்டு பாக்கலாம்.”

திட்ட அதிகாரி கோதண்டபாணி வரைபடத்தைக் கார் முகப்பில் விரித்தார். பழைய கடைத்தெருவின் அடுத்த முப்பது ஆண்டு அதில் இருந்தது. நடைபாதையில் மரங்களும் பெஞ்சுகளும் இருந்தன. அங்கே எலுமிச்சம்பழம் விற்கும் கன்னியம்மா இல்லை.

“படத்துல இல்லாதவங்க இன்னிக்கே காலி பண்ணணும்.”

“பண்றேன் சார். உங்க ஆபீஸ் டைரக்டர் வர்றாராமே, அவரு படத்தைப் பார்த்தே வந்து சேரட்டும். சேர்ந்துட்டா கூடையைத் தூக்கிடறேன்.”

கோதண்டபாணி சிரித்துக்கொண்டே டைரக்டருக்குப் போனில் சொன்னார்: “படத்துல பாருங்க, புது நம்பர் 88 எதிரே, சார்.” டைரக்டர் பழைய 88க்குப் போய்ப் பாத்திரக்கடையில் நின்றார். “பழைய நம்பர் 41 சார்” என்றதும் புதிய 41க்குப் போனார். அது பூட்டிய குடோன். மூன்றாவது அழைப்பில், தான் நிற்பது எந்த நம்பருக்கு எதிரே என்று கோதண்டபாணிக்கே குழம்பிவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“எலுமிச்சம்பழக்கார அம்மா எங்கேன்னு யாரையாவது கேளுங்க சார்.”

இரண்டே நிமிடத்தில் டைரக்டர் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“இவங்களை ஏன்யா படத்துல போடலை?”

கோதண்டபாணி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். காற்றில் வரைபடம் எழும்பியது. கன்னியம்மா கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள்.