‘இருக்கியா?’ என்று கேட்கும் ஊர்

ராஜாக்களுக்குப் புருஷன் பெண்டாட்டி வழக்கைக் கேட்கக்கூட நேரம் இருந்த காலம் அது. அப்போது ஏழுவாயில் என்று ஒரு பெரிய நகரம் இருந்தது. கோட்டைக்கு ஏழு வாசல், எந்த வாசலில் நுழைந்தாலும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்த நகரத்தில் ஆதன் என்று ஒருவன் பூத்தொடுத்துப் பிழைத்து வந்தான்.

கோழி கூவுமுன் ஆதன் பூச்சந்தைக்குப் போவான். உச்சி வெயிலுக்குள் விற்று முடித்து வீடு திரும்புவான். கதவைத் தாழிட்டுவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். கெட்டிக்காரன்தான். ஆனால் உலகத்தில் ஊர் என்று இருப்பது ஏழுவாயில் ஒன்றுதான் என்று நம்பிய கெட்டிக்காரன்.

அவன் மனைவி நன்னி. வடக்கே, ஆறுகள் பிறக்கும் இடத்துக்கும் அப்பால், வெண்முகடு என்னும் பனிமலை ஊரில் பிறந்தவள். கம்பளி விற்கத் தகப்பனோடு திருவிழாவுக்கு வந்தவள், ஆதனிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். அந்தப் பூ வாடுவதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். சீர் பேசினார்கள், விருந்து பேசினார்கள். எந்த ஊரில் குடியிருப்பது என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசுவது நமக்குப் பழக்கம்தானே!

நகரத்துக்கு வந்த நன்னி மூன்று காரியம் செய்தாள்.

முதலில், பனிக்காலத்துக்கு ஆகும் என்று வீடு கொள்ளாமல் விறகு வாங்கி அடுக்கினாள். ஏழுவாயிலில் ஏது பனிக்காலம்? விறகில் கறையான் ஏறியது, ஆதனுக்குக் கால் நீட்ட இடமில்லாமல் போனது.

அடுத்து, தெருவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி நலம் விசாரித்தாள். கடைக்குப் போகிறவள் கடைத்தெருவை எட்டும்போது கடை சாத்தும் நேரம் ஆகியிருக்கும். ஜனங்கள் அவளைக் கண்டாலே அடுத்த சந்தில் திரும்பினார்கள்.

மூன்றாவதாக, ஒரு நாள் ஆதன் மதியம் தூங்கும்போது கதவைத் தாழிடாமல் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் அண்டா போயிற்று, குடம் போயிற்று, ஆதன் தலைக்கு வைத்திருந்த தலையணையும் போயிற்று.

“கதவைத் திறந்து போட்டுட்டுப் போவியா? உனக்குப் புத்தி இருக்கா?” என்று கத்தினான் ஆதன்.

“எங்க ஊர்ல பனிக்காலத்துல தாழ் போடறவனுக்குக் கொலைகாரன்னு பேரு. சரி, பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்க, திருடனைப் பார்த்திருப்பாரு. அவர் பேரு என்ன?”

ஆதன் தலையைச் சொறிந்தான். பக்கத்து வீட்டில் ஒரு செக்காட்டி தனியாகக் குடியிருந்தான். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பல வருஷமாக அவன் இருமுவதை ஆதன் கேட்டிருக்கிறான். பெயரைத்தான் கேட்டதில்லை.

“யாருக்குத் தெரியும்?” என்றான்.

“இது ஊரா, சந்தையா?” என்றாள் நன்னி. “உன் ஊரு ஊரா, ஐஸ் பாறையா?” என்று திருப்பிக் கேட்டிருப்பான், அந்தக் காலத்தில் அந்தச் சொல் இல்லாததால் “பேய்கூட நடுங்கும் காடு” என்று சொன்னான். சண்டை முற்றியது. நான் என் ஊருக்கே போகிறேன் என்றாள் அவள். போ என்றான் அவன். சொல்லிவிட்டு, அவள் நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயந்தும் போனான். கடைசியில் வழக்கு ராஜாவிடம் வந்தது.

ராஜா பொறுமையாகக் கேட்டார். “ஆதா, அவள் உன் ஊரில் ஒரு வருஷம் இருந்துவிட்டாள். நீ அவள் ஊரில் ஒரு பனிக்காலம் இரு. பிறகு இருவரும் வாருங்கள். அடுத்தவர் ஊரின் பெருமை ஒன்று, தன் ஊரின் குறை ஒன்று, இரண்டையும் மனதாரச் சொல்ல வேண்டும். சொன்னால் சேர்ந்து வாழலாம். சொல்ல வராவிட்டால் அவரவர் ஊருக்கு அவரவர்.”

போனார்கள். வெண்முகட்டில் வீடுகள் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தன. ஜன்னல் கிடையாது. கீழே கவரி மாடுகள், மேலே மனிதர்கள். மாட்டின் மூச்சில்தான் மனிதனுக்குச் சூடு. மொத்தமே இருபது வீடு இருக்கும். அதில் காலியாய்க் கிடந்த ஒன்றில் இருவரும் குடியேறினார்கள்.

அங்கே ஆதனும் மூன்று காரியம் செய்தான்.

முதலில், காற்று வரட்டும் என்று சுவரை உடைத்து ஜன்னல் வைத்தான். காற்று வந்தது. கூடவே பனியும் வந்து கஞ்சிப் பானையில் உட்கார்ந்தது. அன்றே சுவரை அடைத்தான்.

இரண்டாவதாக, அந்த ஊர் வழக்கத்தை அவமதித்தான். பனிக்காலத்தில் விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரனும் அடுத்த வீட்டைப் பார்த்து, “இருக்கியா?” என்று கூவுவான். அந்த வீட்டில் இருப்பவன் “இருக்கேன்!” என்று பதில் சொல்லிவிட்டு, தனக்கு அடுத்த வீட்டைக் கேட்பான். குரல் ஊரைச் சுற்றி வரும். பதில் வராத வீட்டுக்கு மண்வெட்டியோடு ஓடுவார்கள். ஆதனின் அடுத்த வீடு தூமன் என்னும் கவரி மேய்ப்பனுடையது. தூமன் கூவினான். நான் இருந்தால் என்ன, செத்தால் என்ன, இவனுக்கு என்ன வந்தது என்று ஆதன் பேசாமல் இருந்தான். தூமன் இடுப்பளவு பனியை வெட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து பார்த்தால், ஆதன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இப்படி மூன்று முறை நடந்தது. வீட்டுக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம், அதனால் நன்னி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஆதன் கேட்கவில்லை. நான்காம் நாள் தூமன் அந்த வீட்டைப் பார்த்துக் கூவுவதை விட்டுவிட்டான்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. ஒரு நாள் நன்னி மாட்டுக்குக் காய்ந்த புல் எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தாள். ஆதனுக்கு மதியத் தூக்கம் வந்தது. ஊர் மாறினாலும் கை மாறுமா? கதவைத் தாழிட்டான், மூன்று கம்பளியைத் தலை வரை இழுத்துப் போர்த்தினான்.

சற்று நேரத்தில் பனிப்புயல் எழுந்தது. நன்னி தட்டுத் தடுமாறி வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. தட்டினாள், அலறினாள், அழுதாள். அத்தனை சத்தத்தையும் காற்று கொண்டுபோயிற்று. கை மரத்த பிறகு சுவரைத் தடவித் தடவித் தூமன் வீட்டு வாசலில் போய் விழுந்தாள். விழுந்த வேகத்தில் கதவு தானாகத் திறந்தது. அந்தக் கதவுக்குத் தாழே கிடையாது.

ஆதன் எழுந்து கதவைத் திறந்தபோது புயல் ஓய்ந்திருந்தது. கதவின் வெளிப்புறம் படிந்திருந்த பனியில் நன்னியின் உள்ளங்கைத் தடங்கள் இருந்தன. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. செருப்பும் போடாமல் தூமன் வீட்டுக்கு ஓடினான்.

தூமனின் அடுப்போரம் அவள் உயிரோடு படுத்திருந்தாள். வலது கால் சுண்டுவிரல் மட்டும் கருத்துவிட்டது, அதற்கு உயிர் திரும்பவில்லை. ஆதன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதான். தூமன் அவனைத் திட்டவில்லை. ஒரு கிண்ணம் கஞ்சியை அவன் பக்கம் நகர்த்தினான்.

மறுநாள் விடிந்ததும் ஆதன்தான் முதலில் கூவினான். “தூமா, இருக்கியா?”

பதில் வந்தது. “இருக்கேண்டா, தாழ்ப்பாளு!”

அதன் பிறகு அந்த ஊரில் அவனுக்குத் தாழ்ப்பாள் என்றே பெயர் நிலைத்தது.

பனி உருகியதும் இருவரும் ராஜா முன் வந்து நின்றார்கள்.

“நன்னியோட ஊர்ல கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு, மகாராஜா. ஒருத்தன் மூச்சு விடறானான்னு ஊரே கேக்குது. எங்க ஊர்ல ஒருத்தன் செத்தா, நாத்தம் வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குத் தெரியும்” என்றான் ஆதன்.

நன்னியும் சொன்னாள். “எங்க பூட்டன் ஒரு தடவை வெண்ணெய் திருடினாரு, மகாராஜா. இன்னிக்கும் எங்க வீட்டுக்கு வெண்ணெய்த் திருடன் வீடுன்னுதான் பேரு. எங்க ஊரு எதையும் மறக்காது. இவங்க ஊர்ல நான் வீட்டையே பறிகொடுத்தேன். மறுநாள் ஒருத்தரும் குத்திக் காட்டலை. தப்புப் பண்ணினவங்க தலை நிமிர்ந்து நடக்க இந்த ஊர்ல இடம் இருக்கு.”

ராஜா தலையசைத்தார். “சேர்ந்து வாழுங்கள். ஆனால் ஆதா, வெளியூர் போனவன் கையை வீசிக்கொண்டா வருவது? அங்கே இருந்து இந்த ஊருக்கு என்ன கொண்டு வந்தாய்?”

அந்தக் கேள்வி ஆதன் மனதைக் குடைந்தது.

இருவரும் ஏழுவாயிலிலேயே தங்கினார்கள். வேறு என்ன செய்வது, பனியில் மல்லிகை பூக்காதே. நன்னி இப்போது ஒழுங்காகத் தாழ் போட்டாள். ஆதன் ஒரு காரியம் செய்தான். சந்தைக்குக் கிளம்புமுன் சுவரைத் தட்டி, “செக்காட்டி அண்ணே, இருக்கீங்களா?” என்று கூவினான்.

முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள், “பைத்தியமா உனக்கு?” என்று வந்தது. மூன்றாம் நாள் தெருவே சிரித்தது. ஆதன் விடவில்லை. வசவு குறைந்து குறைந்து, ஒரு நாள் “இருக்கேன்யா, இருக்கேன், போய்த் தொலை!” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, பதில் வரவில்லை.

ஆதன் மறுபடி கூவினான். நன்னியும் கூவினாள். சுவருக்கு அப்பால் இருமல்கூட இல்லை. ஆதன் பூக்கூடையைக் கீழே போட்டான். மழையில் ஓடிப்போய்ச் செக்காட்டியின் கதவைத் தள்ளினான். உள்ளே தாழிட்டிருந்தது. பனிபடிந்த கதவில் பார்த்த கைத்தடங்கள் அவன் கண்முன் வந்தன. தோளால் மோதினான். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் தெறித்தது.

செக்காட்டி காய்ச்சலில் நினைவு தப்பித் தரையில் கிடந்தான். உடம்பு கொதித்தது, உதடு வெடித்திருந்தது. ஆதன் அவனைத் தூக்கிக் கிடத்தினான். நன்னி தண்ணீர் புகட்டினாள், மீந்து கிடந்த பனிக்கால விறகை எரித்துக் கஷாயம் வைத்தாள். ஆதன் மருத்துவரை இழுத்து வந்தான். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் அவர்.

கண் விழித்ததும் செக்காட்டி உடைந்த கதவைப் பார்த்தான், பிறகு ஆதனைப் பார்த்தான். “என் பேரு சாத்தன்” என்றான்.

அவன் எழுந்து நடமாடச் சில நாள் ஆயிற்று. பிறகு ஒரு நாள் விடியலில் ஆதன் சுவரைத் தட்டக் கையை ஓங்கினான். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சுவர் தட்டப்பட்டது.

“ஆதா, இருக்கியா?”

“இருக்கேன் அண்ணே!” என்றான் ஆதன். உடனே அடுத்த பக்கத்துச் சுவரைத் தட்டப் போனான்.

பனிமலை ஊரோ கோட்டை நகரமோ, அடுத்த வீட்டு மனிதன் இருக்கிறானா என்று கேட்கும் குரல் உள்ள ஊரே வாழத் தகுந்த ஊர்.