குன்றிமணிக்குச் சதை போட்ட கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் தேமலை நாட்டை உத்தம கேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சேர்ந்தாற்போல் ஒரு நாழிகை சிம்மாசனத்தில் உட்கார மாட்டார். எழுவார், நடப்பார், ஜன்னலைத் திறப்பார், உடனே மூடுவார். வழக்கோடு வந்தவர்கள் அவர் பின்னாலேயே ஓடி ஓடித்தான் வழக்கைச் சொல்ல வேண்டும். நியாயம் கிடைத்ததோ இல்லையோ, பாவம், கால்வலி நிச்சயம்.

அந்த ராஜாவுக்குக் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் நாய்க்குட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். முழுதாக வளர்ந்தாலும் பூனை அளவைத் தாண்டாத சாதி அது. ராஜா அதற்குக் குன்றிமணி என்று பெயர் வைத்தார். அதன் மேல் உயிரையே வைத்தார். ஆனால் குட்டிக்குச் சதை பிடிக்கவே இல்லை. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

குட்டியைக் கவனிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர் மகரபூஷணம். அரண்மனைச் சடங்குகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். "அரசர் வளர்க்கும் குட்டிக்கு அரச மரியாதை வேண்டாமா?" என்று பெரிய வெள்ளித் தாம்பாளத்தில் நெய்ச்சோறு, பாதாம் அல்வா, வறுத்த ஆட்டுக்கறி எல்லாம் ஒரே வேளைக்கு வைக்கச் சொன்னார். சங்கு ஊதி, முரசு அறைந்து, கட்டியம் கூறிய பிறகுதான் தாம்பாளம் வரும். குட்டி நடுங்கிக்கொண்டே இரண்டு வாய் தின்பதற்குள் ராஜா பாய்ந்து வந்து அதைத் தூக்கித் தராசில் வைப்பார். "ஏறலையே, ஏறலையே!" என்று புலம்புவார். அது தூங்கினாலும் விடமாட்டார், எழுப்பி நிறுப்பார்.

ஒருநாள் காலை தின்றதையெல்லாம் கக்கிவிட்டுக் குட்டி சுருண்டு படுத்துவிட்டது. ராஜா அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார். "செத்துப்போயிடுமா? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

மகரபூஷணம் மெல்ல முன்னால் வந்தார். அமைச்சர் வேம்பனார் சொன்னால் ராஜா கேட்கிறார் என்பதில் அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். "அரசே, ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற அமைச்சர் இதற்கும் ஒரு வழி சொல்லட்டுமே. குட்டி தேறாவிட்டால் அவர் நாட்டைவிட்டே போய்விடட்டும்."

பதற்றத்தில் ராஜாவும் "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

வேம்பனார் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வேளை சாப்பாடு நடப்பதை ஓரமாக நின்று முழுக்கக் கவனித்தார். பிறகு சொன்னார்: "அரசே, இதன் சதையைத் திருடுகிறவர்கள் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறார்கள்."

"யார் அவர்கள்? தலையை வாங்குகிறேன்!"

"தலையெல்லாம் வேண்டாம். அடுத்த அமாவாசை வரை அவர்கள் குட்டியின் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அது போதும்."

"யாராக இருந்தாலும் கால் வைக்கக் கூடாது!"

"யாராக இருந்தாலுமா, அரசே?"

"என் செங்கோல் மேல் ஆணை!"

"மகிழ்ச்சி. நாளைக்கு மகரபூஷணத்துக்கு ஒரு விருந்து வைக்க உத்தரவு கொடுங்கள்."

மகரபூஷணம் சாப்பாட்டுப் பிரியர். விருந்து என்றதும் காரணம்கூடக் கேட்கவில்லை, பட்டு உடுத்திக்கொண்டு வந்துவிட்டார். வண்டிச் சக்கரம் போல ஒரு தாம்பாளம். அதில் மலையாகச் சோறு. முதல் கவளத்தை எடுத்தார். காதோரம் சங்கு அலறியது, கவளம் கீழே விழுந்தது. அடுத்த கவளத்துக்கு முரசு இடித்தது. அதற்கும் அடுத்ததை வாயில் வைத்ததும் இரண்டு மல்லர்கள் அவரைத் தூக்கிப்போய் நெல்மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தார்கள்.

"ஏறலையே!" என்றார் வேம்பனார். "உட்காருங்கள், இன்னும் சாப்பிடுங்கள்."

இப்படியே மாலைவரை நடந்தது. அலுத்துப்போய்க் கண்ணயர்ந்தவரை உலுக்கி எழுப்பி மறுபடியும் தராசில் ஏற்றினார்கள். மகரபூஷணம் தராசில் இருந்தபடியே அலறினார்: "அடப்பாவிகளா! இப்படிச் செய்தால் ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்? எப்படித் தூங்குவான்? உடம்பில் என்ன ஒட்டும்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"வேம்பனாரே, அந்தத் திருடர்கள்..."

"இரண்டு பேர், அரசே. ஒருவர் தராசில் இருக்கிறார்."

"இன்னொருவர்?"

"செங்கோல் மேல் ஆணையிட்டவர்."

ராஜாவின் முகம் சிவந்தது, பிறகு வாடியது. "நானே என் குட்டியைக் கொல்லப் பார்த்தேனா?" என்று முணுமுணுத்தார். ஆணை ஆணைதானே, அறைச்சாவியைக் கொடுத்துவிட்டார்.

வேம்பனார் சங்கையும் முரசையும் முதலில் வெளியே அனுப்பினார். வைத்தியரைக் கூப்பிட்டுக் குட்டியின் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கச் சொன்னார். நெய்யும் அல்வாவும் நின்றன. குழைய வேகவைத்த சோற்றில் கோழிக்கறியை நாராகப் பிய்த்துப் பிசைந்து, இளஞ்சூடாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தார். சின்ன வயிறு, கொஞ்சம் போதும். பசித்தால் மறுபடி கொஞ்சம். இடையே ஒரு வேளை அவித்த முட்டை. மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

ராஜாவுக்குத்தான் தூக்கம் இல்லை. அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார், கதவில் காதை வைத்தார்.

"வேம்பனாரே, சாப்பிட்டதா?"

"சாப்பிட்டது, அரசே."

"எடை ஏறியதா?"

"போய்ப் படுங்கள், அரசே."

அமாவாசையும் வந்தது. சபை கூடியிருக்கும்போது கதவைத் திறந்துவிட்டார்கள். பந்து மாதிரி வயிற்றை உருட்டிக்கொண்டு குன்றிமணி ஓடிவந்தது. "வள்" என்று ஒரு சத்தம் போட்டது. நேரே ராஜாவின் மடியில் தாவி ஏறி, சுற்றிச் சுற்றி வந்து இடம் பார்த்துப் படுத்துத் தூங்கிப்போயிற்று. ராஜாவின் கண் கலங்கியது. அவர் எழவில்லை, அசையவும் இல்லை.

மகரபூஷணம் விடுவாரா? கையைத் தூக்கிக்கொண்டு, "வாழ்க! மாமன்னரின் கருணையால்..." என்று தொடங்கினார்.

"உஷ்!" என்றார் ராஜா. "மகரபூஷணம், இன்று முதல் உமக்கு ஒரே வேலைதான். இது தூங்கும்போது அரண்மனையில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் உம்முடைய வாயிலிருந்து."

அப்புறம் அமைச்சரைக் கண்ணாலேயே கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: "வேம்பனாரே, என் கழுத்தில் இருக்கும் முத்துமாலை உமக்குத்தான். நீரே மெதுவாகக் கழற்றிக்கொள்ளும். எனக்குக் கால் மரத்துப்போச்சு, ஆனால் அசைந்தால் முழித்துக்கொள்ளும்."